மறைமலைநகர்ச் சாலையில் ஜப்பானியரும் கொரியரும்

மறைமலைநகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள்கோயில் வரை வந்து, அங்கிருந்து மேற்கே பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடையும் வழியெங்கும், ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே எழுந்துள்ள வாகன, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஜப்பானியரும் கொரியரும் நடத்துபவை கணிசமானவை. இவ்விரு நாட்டவரையும் ஒரே கூட்டமாகக் கருதும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றுவதும், குனிந்து வணங்குவதும், ஒட்டும் தன்மையுள்ள சோற்றைக் குச்சிகளால் உண்பதும் அந்த எண்ணத்துக்கு இடமளிக்கின்றன. ஆனால் அவ்வழக்கங்களுக்குப் பின்னால் உள்ள வரலாறுகள் வேறு, இருவரும் தமிழகத்துக்கு வந்து சேர்ந்த முறையும் வேறு.

தமிழகத்துக்கும் இவ்விரு நாடுகளுக்குமான பழந்தொடர்பைப் பேசும் மேடைகளில், ஜென் பௌத்த மரபின் முதல்வராகப் போற்றப்படும் போதிதருமரும், கொரிய மன்னரை மணந்ததாக 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான ‘சம்குக் யூசா’ குறிப்பிடும் ‘ஆயுத’ நாட்டு இளவரசியுமே தவறாமல் இடம்பெறுகின்றனர். முன்னவரது காஞ்சிப் பிறப்பு பிற்கால மரபு. பின்னவரது கதையோ, அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி எழுதப்பட்டது. இவர்களைவிட உறுதியான சான்றுடையவர், மேடைகள் மறந்துவிட்ட வஜ்ரபோதி. தென்னிந்தியரான இந்தப் பௌத்த ஆசிரியர், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டுவித்தவனாகக் கருதப்படும் இராசசிம்மப் பல்லவனின் ஆதரவைப் பெற்றிருந்தார் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. கடல்வழியே சீனம் சென்ற அவரிடம் பயின்றவர்களில் ஒருவர், கொரியாவின் சில்லா நாட்டுத் துறவி ஹியேச்சோ. இந்தியாவில் பயணம் செய்து, 727இல் நடு ஆசியா வழியாகச் சீன எல்லைக்குத் திரும்பி, அப்பயணத்தைப் பற்றிக் குறிப்பு எழுதியவர் இவர். வஜ்ரபோதியின் மற்றொரு மாணவரான அமோகவஜ்ரரின் சீடரிடம், 804இல் சீனம் சென்ற ஜப்பானியத் துறவி கூக்காய் பயின்று, நாடு திரும்பி, மந்திர வழிபாட்டை மையமாகக் கொண்ட ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவை நிறுவினார்.

அப்பிரிவு ஜப்பானில் இன்றும் வாழ்கிறது. கொரியாவில் அத்தகைய தனி மரபு நிலைக்கவில்லை. 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசமரபு பௌத்தத்தை ஒடுக்கி, மூத்தோர் இளையோர் வரிசையையும் முன்னோர் வழிபாட்டையும் அடித்தளமாகக் கொண்ட கன்பூசிய நெறியை வீட்டுக்குள் வரை கொண்டு சென்றது. ஜப்பானிலோ, தொக்குகாவா ஆட்சி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. அன்றாட வேறுபாடுகள் சிலவற்றுக்கு இந்த இரு வேறு போக்குகளிலிருந்து விளக்கம் கிடைக்கும். கொரியப் பந்தியில் மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே மற்றவர் உண்பர். கிண்ணம் மேசையிலேயே இருக்க, சோற்றையும் குழம்பையும் உலோகக் கரண்டியால் உண்பது அவர்கள் முறை. ஜப்பானியர் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, மரக்குச்சிகளால் உண்டு, ரசத்தைக் கிண்ணத்திலிருந்தே பருகுவர். ஜப்பானிய ஊழியர் தம் மேலாளரைப் பற்றி வெளியாரிடம் பேசுகையில் மரியாதை விகுதியை நீக்கிவிடுவார், கொரியர் நீக்கமாட்டார். “மேனேஜர் சார் வெளியே போயிருக்கிறார்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் செங்கல்பட்டு எழுத்தர் இவ்வகையில் கொரியருக்கு நெருக்கமானவர். மிளகாய் விரும்புவதிலும் தமிழருக்கு நெருக்கமானவர் கொரியரே: 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அது ஜப்பான் வழியாகவே கொரியாவை அடைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து, வழி கொடுத்த நாடு அதை ஓரமாக வைத்துக்கொள்ள, வாங்கிய நாடு ஊறுகாய் முதல் குழம்பு வரை சிவக்க வைத்துக்கொண்டது.

புத்தாண்டு வேறுபாடோ அரசியல் சார்ந்தது. ஜப்பான் 1873இல் மேலை நாட்காட்டிக்கு மாறி, சனவரி முதல் நாளையே புத்தாண்டாக்கியது. ஜப்பானிய ஆட்சியில் புறந்தள்ளப்பட்ட கொரியரின் சந்திரப் புத்தாண்டு, விடுதலைக்குப் பின்னும் காத்திருந்து, 1985இல் வேறொரு பெயரில் விடுமுறையாகி, 1989இல்தான் ‘சொல்லால்’ என்ற தன் பெயரை மீட்டது. தையா சித்திரையா என்று 2008இலும் 2011இலும் சட்டத்தை மாற்றிக்கொண்ட தமிழ்நாட்டுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

அண்மைக்கால வருகையில் ஜப்பான் முந்தியது. 1980களில் ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனத்துடன் சுசுகி கைகோத்தது போன்ற கூட்டு முயற்சிகளில் அது ஆளைக் குறைவாகவும் முறையை மிகுதியாகவும் அனுப்பியது. வேண்டாததை விலக்கி, வேண்டியதை இடமறிந்து வைத்து, துப்புரவைப் பழக்கமாக்கும் ‘5 எஸ்’ ஒழுங்கும், சிறு சிறு திருத்தங்களை இடைவிடாது செய்யும் ‘கைசன்’ நெறியும் இங்கே வேரூன்ற, சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. குடும்பத்தை ஊரில் விட்டுச் சில ஆண்டுகள் தனியே பணியாற்றித் திரும்புவது ஜப்பானியப் பொறியாளரிடம் வழக்கமாகவே உள்ளது. கொரியர் வருகை வேறு வகைப்பட்டது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் இந்தியா, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவைத் தயாரித்தபோது, உதிரிபாக நிறுவனங்களும் உடன் வந்தன. அவற்றைத் தொடர்ந்து குடும்பங்களும், உணவகங்களும், மளிகைக் கடைகளும், கொரிய மொழியில் வழிபாடு நடத்தும் கிறித்தவச் சபைகளும் வந்தன. 2006இல் சென்னையில் ‘இன்கோ’ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையமும் தோன்றியது.

சுருங்கக் கூறின், தமிழகத் தொழில் வட்டாரத்துக்கு ஜப்பான் ஒரு வேலைமுறையாகவும் கொரியா ஒரு குடியிருப்பாகவும் வந்தன. அமெரிக்க ஃபோர்டு மறைமலைநகரில் உற்பத்தியை 2022இல் நிறுத்தியபோது அதன் வரலாற்றை எழுதப் பத்திரிகைகள் இருந்தன. கொரிய, ஜப்பானிய மேலாளரிடம் தொழில் கற்ற முதல் தலைமுறைத் தமிழ்த் தொழிலாளரின் அனுபவம் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவர்கள் ஓய்வு பெறும் வயதை நெருங்குவதால், அந்த வாய்மொழிச் சான்றுகளைத் தொகுக்கும் பணியை வட்டார வரலாற்றாசிரியர்கள் இனியும் தள்ளிப்போடலாகாது.