விடுமுறை கேட்ட கூட்டம்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925 சூலை 23 அன்று அவர் கண்மூடியது அவ்வூரில்தான். தேசபக்தர் என்று மாலையிடுவோர் பலர். கூலிக்காரனின் ஓய்வு நாளுக்காக வாதாடியவர் என்று நினைப்போர் எத்தனை பேர்? நாம் அந்த ஏட்டைப் புரட்டுவோம்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கேட்டது என்ன? அரண்மனையா, அம்பாரியா? கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஏனைய விடுமுறை. வ.உ.சி.யும் சிவாவும் துணை நின்றனர். முறையிட மன்றமில்லை, ஒற்றுமை ஒன்றே படைக்கலன். ஒன்பது நாளில் ஆலை பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு நாளாயிற்று. மார்ச் 12 அன்று தலைவர் இருவரும் கைதாயினர். சிறை சிவாவுக்குத் தந்த பரிசு தொழுநோய்!

சட்டமோ ஆமைபோல் வந்தது. 1936இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, பிடித்த கூலியை மீட்க அதிகாரியிடம் மனுச் செய்ய முடிந்தது. பிடித்ததைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடிந்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், 1956 திருத்தம் 33சி பிரிவைச் சேர்த்தது. அதன்படி வரவேண்டிய தொகையைத் தொழிலாளர் நீதிமன்றம் கணக்கிட்டது. நிலவரிப் பாக்கியைப்போல் கலெக்டர் வசூலித்தார். உழவனின் அண்டாவைச் சப்தி செய்த அதே கை, முதலாளியின் சொத்தின்மீதும் விழ வழி பிறந்தது! 1958இல் சென்னை மாநிலச் சட்டம் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குக் கூலியை உரிமையாக்கிற்று. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை.

ஆனால் மனுவில் நாட்கணக்கு எழுதவேண்டுமே, தோழர்களே! வருகைப் பதிவேடோ முதலாளியின் பெட்டிக்குள். ஆகவே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உழைத்த பண்டிகை நாளை உங்கள் கையாலேயே குறித்து வையுங்கள்.