மரமேறிகளின் கயிறு: தாமதமாக வந்த ஒரு பாதுகாப்பின் வரலாறு

தெலங்கானாவின் தெலுங்கு நாளிதழ்களில் மாவட்டச் செய்திப் பக்கங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ‘மோகு ஜாரி’ என்று தொடங்கும் தலைப்புகளை அடிக்கடி கண்டிருப்பார்கள். ‘மோகு நழுவி’ என்பது அதன் பொருள். பனையிலிருந்தோ ஈச்சமரத்திலிருந்தோ விழுந்து கள் இறக்கும் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார் என்பது அடுத்துவரும் செய்தி. பெயரும் ஊரும் மாறும், சொற்றொடர் மாறுவதில்லை. இவ்விறப்புகளை விபத்து என்று மட்டும் படிப்பதா, வரலாறு என்றும் படிக்கலாமா என்ற கேள்வியே இப்பதிவின் பொருள். சற்று நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். மோகு என்பது மரத்தையும் ஏறுபவரின் உடலையும் ஒருசேர வளைத்துச் செல்லும் தடித்த கயிற்று வளையம். ஏறுபவர் பின்னால் சாயும்போது அவருடைய எடையே கயிற்றை மரத்தோடு இறுக்குகிறது. மேலே நகர அவர் மரத்தை நோக்கி உடலைக் கொணர வேண்டும். அக்கணம் கயிறு தளர்கிறது, அதைச் சற்று உயர்த்திப் போட்டு மீண்டும் சாய்கிறார். கேரளத்தின் தென்னையேறிகளிடம் இத்தகைய இடுப்புக் கயிறு பொதுவாக இல்லை. இரு பாதங்களையும் பிணைக்கும் ‘தளப்பு’ எனும் வளையமே அவர்களுடைய முதன்மைக் கருவி. நம் பனையேறிகளின் தளைநாரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இக்கருவிகளைத் தொன்மையானவை, எளியவை என்று ஒதுக்கிவிட முடியாது. உராய்வையும் உடல் எடையையும் நுட்பமாகக் கணக்கிட்டு உருவானவை அவை. ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. மோகு ஒருவரைப் பணியிடத்தில் நிறுத்திவைக்கும். விழுபவரைத் தடுத்து நிறுத்தாது. கயிறு தளர்ந்திருக்கும் அந்த ஒரு கணத்தில், மழையில் ஊறிய மரத்தில் கால் வழுக்கினால், கிளையற்ற பனையில் வளையத்தைத் தடுக்க எதுவுமில்லை; ஆளும் கயிறும் சேர்ந்தே கீழிறங்கும். நாளுக்கு இருமுறை, பல மரங்களில், ஆண்டுதோறும் ஏறுபவருக்கு அக்கணம் எத்தனை ஆயிரம் முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காலனிய அரசு இத்தொழிலை அறியாமல் இருக்கவில்லை. சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டமும் அதையொட்டிய மரவரி முறையும் கள் இறக்கும் மரங்களைத் தனித்தனியே கணக்கிட்டு, குறியிட்டு, உரிமம் வழங்கின. ஐதராபாத் நிஜாம் அரசிலும் கலால் முக்கிய வருவாய் இனமாக விளங்கியது. நிர்வாகத்தின் பார்வை மரத்தின் மீதும் அது தரும் வரியின் மீதும் நிலைத்திருந்தது. மரத்தில் ஏறுபவர் உரிமத்தின் நிபந்தனைகளுக்குள் வந்தார். அவருடைய உடலின் பாதுகாப்பு அந்நிபந்தனைகளில் ஒன்றாக அமையவில்லை.

தொழிலாளர் சட்டத்தில் நிலை இன்னும் சிக்கலானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனைவகை மரங்களில் கள் இறக்கும் பணியும் மரம் வெட்டும் பணியும் இடம்பெற்றிருந்தன. ஆகவே ஆபத்தை அரசு ஏட்டளவில் ஏற்றுக்கொண்டது. எனினும் இழப்பீடு கோர ஒரு முதலாளி வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவோ தாமே உரிமம் பெற்றோ ஏறுபவருக்கு முதலாளி யார்? வீட்டுத் தோட்டங்களில் தேங்காய் பறிப்பவரின் நிலை இதைவிடக் கடினம். தற்காலிகமாக, முதலாளியின் தொழில் அல்லது வணிகத்துக்கு அப்பாற்பட்ட நோக்கத்தில் அமர்த்தப்பட்டவர் தொழிலாளி ஆகார் என்ற விலக்கு அச்சட்டத்தின் வரையறையிலேயே இருந்தது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போகும் தென்னையேறியை வெளியே நிறுத்த அந்த ஒரு தொடர் போதும். அது நீக்கப்பட்டது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

இதே காலத்தில் பிற நாடுகளில் நிகழ்ந்ததையும் கருத வேண்டும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு, சுமையற்றபோது கயிற்றில் நகரும். சுமை ஏறியதும் இறுகிப் பற்றும். மோகு தளரும் கணத்தில் இல்லாத பாதுகாப்பு இதுவே. இவ்வகை உராய்வு முடிச்சுகளும் இடுப்புப் பட்டையும் மேலைநாட்டு மரப் பராமரிப்புத் தொழிலின் அடிப்படையாயின. அமெரிக்காவில் மரப் பணிக்கான தேசியப் பாதுகாப்புத் தரநிலை முதன்முதலாக 1972இல் வெளியானது. மரப் பணியில் மகனை இழந்த ஒரு தாயின் விடாமுயற்சி அதற்குத் தூண்டுதலாக இருந்தது. அங்கே ஓர் இறப்பு விதியாக மாறியது. இங்கே இறப்புகள் செய்திகளாகவே நின்றன.

கேரளத்தில் மாற்றம் வேறொரு வாயில் வழியே வந்தது. வளைகுடாப் புலப்பெயர்வு, கல்விப் பரவல், தொழிலோடு ஒட்டிய சாதி இழிவிலிருந்து விலகும் விருப்பம் ஆகியவற்றால் மரமேறிகள் அருகினர். பறிக்க ஆளின்றித் தேங்காய்கள் மரத்திலேயே முற்றின. இச்சூழலில்தான் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் வடிவமைத்த ஏறுகருவி பரவலான கவனம் பெற்றது. எஃகுக் கம்பி வளையம் கொண்ட இரு சட்டங்கள். ஒரு காலை ஊன்றினால் அவ்வளையம் இறுகும், உயர்த்தினால் தளரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, பெண்கள் உட்படப் பலருக்கு இக்கருவியில் பயிற்சி அளித்தது. விபத்துக் காப்பீடும் சேர்ந்தது. ஏறுபவரின் உடலை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு இணைப்பைக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது.

இந்த வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. மரமேறிகள் மிகுதியாக இருந்து விழுந்துகொண்டிருந்த தலைமுறைகளில் வராத கருவி, அவர்கள் கிடைக்காமல் போனபோது வந்தது. ஏறும் வசதி முதலில் வந்தது. விழாமல் காக்கும் இணைப்பு பின்னர் வந்தது. கண்டுபிடித்தவரின் உழைப்பை இக்கூற்று குறைக்கவில்லை. நிறுவனங்களின் அக்கறை எப்போது விழித்தது என்பதையே இது காட்டுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: கருவி கொடுத்தாலும் அனுபவமிக்கவர்கள் அணிவதில்லை, அது வேகத்தைக் குறைக்கிறது என்பர். உண்மைதான். ஆனால் தென்னையேறிக்கு மரக் கணக்கில் கூலி. ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மாட்டிக் கழற்றும் சில நிமிடங்கள் அவருடைய வருவாயிலிருந்து கழிகின்றன. அணியாமைக்குக் காரணம் பழமைப் பிடிப்பு என்று முடிவு கட்டும் முன், அந்நிமிடங்களுக்கு யார் கூலி தருகிறார் என்று கேட்க வேண்டும்.

தெலங்கானா அரசு 2024 ஜூலையில் கள் இறக்குவோருக்கு ‘காட்டமையா ரக்ஷா’ என்ற பாதுகாப்புத் தொகுப்பை வழங்கத் தொடங்கியது. கவுடு சமூகத்தினர் வழிபடும் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது அது. விழுந்தபின் குடும்பத்துக்கு நிதி வழங்குவதே அதுவரை அரசின் முதன்மை நடவடிக்கையாக இருந்த நிலையில், விழுமுன் காப்பது கொள்கையானது முக்கியமான திருப்பம். தொகுப்பு கைக்கு வந்ததோடு பணி முடியாது. தேய்ந்த கயிற்றை யார் சோதிப்பார், எத்தனை ஆண்டில் மாற்றுவார், தொங்கி நிற்பவரைக் கீழே இறக்க ஊரில் யாருக்குத் தெரியும் என்பவையும் பாதுகாப்பின் பகுதிகளே.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தொழிலாளர் வரலாறு ஆலை, சுரங்கம், துறைமுகம் ஆகியவற்றை விரிவாக எழுதியுள்ளது; மரத்தின் உச்சியைப் பணியிடமாகப் போதிய அளவு கருதவில்லை. சான்றுகள் இல்லாமல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின் கீழ் எழுதப்பட்ட பிணவிசாரணை அறிக்கைகள், கலால் துறையின் நிதியுதவிக் கோப்புகள், கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், கேரளத்தின் 1969ஆம் ஆண்டுக் கள் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் கீழ் உருவான பதிவேடுகள் ஆகியவற்றில் தேடலாம். அவற்றோடு, விழுந்து படுத்தவரை ஆண்டுக்கணக்கில் பராமரித்த மனைவியரின் வாய்மொழியையும் பதிவு செய்ய வேண்டும். அப்பெண்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் பத்தாண்டுக் கோப்புகளை எடுத்துக்கொண்டாலும் நல்லதோர் ஆய்வேட்டுக்குரிய பொருள் கிடைக்கும். முயல விரும்புவோர் எழுதுங்கள், சேர்ந்து தொடங்கலாம்.