இலண்டனிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

இம்மாதப் பேச்சுக்கு ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?

வரைபடத்தைப் பார்த்தால் விடை சுலபம். ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான்வழியே சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். மேற்கு நோக்கித் திரும்பும்போது எதிர்க்காற்றினால் சற்றுக் கூடும். கட்டுநாயக்காவிலிருந்து பலாலிக்கு இன்னும் 290 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் எங்கள் காலத்தை அதிகம் தின்றது இந்தச் சின்னத் தூரமே.

முதலில் பெரிய தூரத்தைப் பார்ப்போம். நம்மவர் பலர் வாழும் குறொய்டனில்தான் அக்காலத்து இலண்டன் விமான நிலையம் இருந்தது. 1929 மார்ச் 30ஆம் திகதி இம்பீரியல் எயார்வேய்ஸ் அங்கிருந்து கராச்சிக்குச் சேவையைத் தொடங்கியது. பாசல் வரை விமானம், ஜெனோவா வரை ரயில், அலெக்சாந்திரியா வரை கடல் விமானம், கெய்ரோவுக்கு மீண்டும் ரயில், பிறகு வேறொரு விமானம் என்று கராச்சி சேர ஏழு நாள் பிடித்தது. 1932 ஒக்ரோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். நெவில் வின்சென்ட் அதை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோனார். அந்த நாட்களை மணித்தியாலங்களாகச் சுருக்கியவை புதிய இயந்திரங்கள்.

சின்னத் தூரத்தின் கதை வேறு. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவை தொடங்கியபோது, இரத்மலானையில் புறப்பட்ட டகோட்டா விமானம் காங்கேசன்துறை நிலையத்தில், அதாவது பலாலியில், இறங்கிச் சென்னைக்குப் போனது. பலாலியிலிருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர் அளவு.

பிறகு போர் வந்தது. சென்னைச் சேவை நின்றது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலாலியைச் சுற்றிய அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டார்கள். ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. பாதை மூடியிருந்த காலங்களில், இங்கிருந்து ஒரே நாளில் கொழும்பை அடைந்தவர்கள், அனுமதிக்கும் திருகோணமலைக் கப்பலுக்கும் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். கிலோமீற்றர் கூடவில்லை. வழிதான் அடைபட்டிருந்தது.

2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. வருவது சிறிய ஏ.ரி.ஆர். விமானம்தான்; ஆயினும் சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஊர் மண்ணில் இறங்கலாம். அருகிலுள்ள காணிகளோ 2025இலும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. ஆகவே பலாலியில் இறங்கியும் தன் வீட்டு வாசலை அடைய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிரயாணம் இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டில் 1990களில் ஊருக்குப் போய்வந்தவர்கள் இருந்தால், எத்தனை நாள் எடுத்தது, எங்கெங்கே காத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். தூரத்தைப் பிள்ளைகள் வரைபடத்தில் அளந்துகொள்வார்கள். அந்த நாட்களின் கணக்கை நாம்தான் சொல்லவேண்டும்.