விளக்கெண்ணெயும் இமைமயிரும்

தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்பன தத்தம் வித்தின் பெயரால் நிற்கின்றன. நல்லெண்ணெய் தன் பண்பின் பெயரால் நிற்கின்றது. ஆமணக்கு வித்தினின்று எடுக்கும் எண்ணெய்க்கோ நம் முன்னோர் அது செய்த தொண்டின் பெயரையே இட்டனர், விளக்கெண்ணெய் என்றனர். மின்விளக்கு வந்து, அகல்விளக்கு பூசையறையோடு நின்றுவிட்ட பின்னும் அப்பெயர் மாறவில்லை. அந்த எண்ணெய்தான் இன்று விரலளவான கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பெற்று, இமைமயிர்ச் சீரம் என்னும் புதுப்பெயருடன் கடைகளில் விற்பனையாகின்றது. அவ்விலை கொடுக்க மனமில்லாத நம் பெண்மக்கள், விளக்கெண்ணெயுடன் சோற்றுக்கற்றாழைச் சாற்றையும் வைட்டமின் 'ஈ' மாத்திரையின் உள்ளீட்டையும் கலந்து வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். இது பழமையா, புதுமையா? இதனால் இமைக்கு நலம் உண்டா, கேடு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், நெடியதொரு வரலாறு நம்முன் விரிகின்றது.

முதற்கண் இமைமயிரைப் பற்றிச் சில சொற்கள். மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 150 வரையும், கீழிமையில் 70 முதல் 80 வரையும் மயிர்கள் உள்ளன. தலைமயிர் ஆண்டுக்கணக்கில் வளர்வது. இமைமயிரோ ஓரிரு திங்கள் வளர்ந்து, பின்னர் வளர்ச்சி நின்று, சில திங்கள் சென்றபின் தானே உதிர்ந்து, வேறொன்றிற்கு இடந்தருவது. ஆதலின் நாளும் ஒன்றிரண்டு உதிர்தல் இயற்கையே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 22 வகைப் பாலூட்டி உயிர்களின் கண்களை அளந்து பார்த்தனர். இமைமயிரின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருத்தலைக் கண்டனர். அவ்வளவில் நிற்கும்பொழுதே அது கண்ணில் தூசு படிவதையும் கண்ணீர் உலர்வதையும் நன்கு தடுக்கின்றதாம். அதனினும் நீண்டால் காற்றைக் கண்ணின்பால் திருப்பிவிடுகின்றதாம். நீண்ட இமைமயிரை விழைவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி வரலாற்றிற்கு வருவோம். கண்ணுக்கு இடும் பொருளை நாம் மை என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றோம். ஆயினும் அச்சொல்லின்கீழ் இரு வேறு குடிகள் ஒடுங்கியுள்ளன. ஒன்று, மலையில் அகழ்ந்த கல்லைப் பொடித்துச் செய்வது. மற்றொன்று, விளக்கின் புகையைப் பிடித்து எண்ணெயிற் குழைத்துச் செய்வது. முன்னது சந்தைப் பொருள். பின்னது வீட்டுப் பொருள். இவ்வேறுபாட்டை மறந்ததனால் நேர்ந்த கேடுகள் பல.

கல்மையின் வரலாறு மிகப் பழையது. மொகஞ்சதாரோவிலும் சன்ஹூதாரோவிலும் செம்பாலான மைக்கோல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. எகிப்தியர் பச்சை நிறச் செம்புக்கல்லையும், கருநிறமான கலீனா என்னும் காரீயக் கல்லையும் அரைத்து ஆடவரும் பெண்டிரும் ஒப்பக் கண்ணிற் பூசினர். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள எகிப்திய மைக்குடுவைகளின் உள்ளீட்டை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், இயற்கையில் அரிதாகக் கிடைக்கும் இருவகைக் காரீய உப்புகளை எகிப்தியர் தாமே செய்து மையிற் கலந்தனர் என்று 1999-இல் வெளியிட்டனர். மிகச் சிறிய அளவில் அவ்வுப்புகள் உடலின் காப்பாற்றலைத் தூண்டக்கூடும் என்றும் 2010-இல் மற்றோர் ஆய்வு வந்தது. இதனைக் கேட்டுக் காரீயமும் மருந்தே என்று கொள்வோர் உளர். நஞ்சும் அளவினால் ஓரோவழி மருந்தாகலாம். அளவறியாமல் ஒப்பனைக்கு அப்புவது வேறு.

இக்கல் தமிழகத்திற்கும் கப்பலேறி வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த 'எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் வழிநூல், சேரநாட்டு முசிறியைச் சார்ந்த துறைகளில் இறக்குமதியாகும் பொருள்களைக் கூறுங்கால், பவளம், செம்பு, ஈயம், மது ஆகியவற்றோடு ஸ்டிம்மி என்னும் அஞ்சனக் கல்லையும் சேர்த்துரைக்கின்றது. நம் நாடு மிளகை ஏற்றிவிட்டு மைக்கல்லை இறக்கிக்கொண்டது. மேற்றிசையோர் இங்கிருந்து விரும்பிக் கொண்ட கண்மருந்து ஒன்றும் உண்டு. லைக்கியான் என்று பெயரிட்டு, சிந்து முகத்துவாரத்திலும் பரோச்சிலும் ஏற்றுமதியானதாக அந்நூல் அதனைக் குறிக்கின்றது. டயாஸ்கொரிடிஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இந்திய லைக்கியானே சிறந்தது என்றார். அது மரமஞ்சள் இனத்துச் செடியின் சாற்றைக் காய்ச்சிக் குறுக்கியது. வடமொழி நூல்கள் ரசாஞ்சனம் என்பதும், வடநாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் ரசோத் என்று கேட்டு வாங்குவதும் அதுவே.

வடமொழி மருத்துவர் கண்ணுக்கு இடுவதை ஒப்பனையாக மட்டும் கருதவில்லை. சௌவீராஞ்சனத்தை நாள்தோறும் இடுக என்றும், ரசாஞ்சனத்தை ஐந்து அல்லது எட்டு இரவுகளுக்கு ஒருமுறை இட்டுத் தீநீரை வடியச் செய்க என்றும் சரக நூல் கூறும். சௌவீரம் என்பது சிந்துவை அடுத்த நாட்டின் பெயர். கல் எங்கிருந்து வந்ததென்பதைப் பெயரே காட்டுகின்றது. இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து விழியை உராய்வதைச் சுசுருதர் பக்ஷ்மகோபம் என்றார். இமைத்தோலில் வாற்கோதுமை வடிவாகச் சிறிது அரிந்து தைத்து, மயிரை வெளிப்புறம் திருப்பும் அறுவை முறையையும் வகுத்தார். இமைமயிர் உதிர்தலை வாக்படர் தனி நோயாகவே எண்ணினார். அந்நாளில் மருத்துவர் கவலையெல்லாம் மயிரை நீட்டுவதில் இல்லை. அது விழியைக் குத்தாமலும் வேரோடு உதிராமலும் காப்பதிலேயே இருந்தது.

நம் இல்லத்துப் புகைமையைச் செய்யும் முறையைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். இன்று பெயரனும் பெயர்த்தியும் அதனைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. தூய வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்துவர். உலர்ந்தபின் மீண்டும் தோய்ப்பர். இங்ஙனம் பன்முறை செய்த துணியைத் திரியாகத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் வார்த்து, காற்றில்லா மூலையில் ஏற்றுவர். அகலின் இருமருங்கும் செங்கல் வைத்து, சுடரின் நுனி தீண்டுமளவிற்குப் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கவிழ்ப்பர். விளக்கு இரவெல்லாம் எரியும். விடியலில் தாம்பாளத்தின் அடியில் வெல்வெட்டுப் போலப் படிந்திருக்கும் கரியை இலைநறுக்கால் வழித்து, சில துளி விளக்கெண்ணெயோ பசுநெய்யோ விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைப்பர். சிலர் நந்தியாவட்டைப் பூவின் சாற்றையும் சேர்ப்பர். ஒருநாள் விளக்கில் ஓராண்டிற்கு வேண்டிய மை கிடைத்துவிடும்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. எரிந்ததும் விளக்கெண்ணெய், குழைத்ததும் விளக்கெண்ணெய். மையின் கருமை கண்ணுக்கு அழகைத் தந்தது. அதைத் தாங்கிய எண்ணெய் இமைமயிரின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து நின்றது. இன்று குப்பியில் விற்கும் சீரம் என்பது, பாட்டி சிமிழின் மையிலிருந்து கரியை நீக்கி எஞ்சியதே. கண்ணுக்கு மையிடுதலை எழுதுதல் என்றே நம் முன்னோர் கூறினர். மை தீட்டும் கோல் கண்ணுக்கு மிக நெருங்கிய வேளையில் கண் அதனைக் காண்பதில்லை என்பதை வள்ளுவர் இன்பத்துப்பாலில் உவமையாக்கினார் என்றால், அக்கோல் எத்துணை இல்லங்களில் பழகிய பொருளாக இருந்திருத்தல் வேண்டும்!

வங்கத்தில் வாழும் நம்மவர் அந்நாட்டுத் திருமணங்களில் மணமகள் கையில் காஜல்லதா என்னும் உலோக மைச்சிமிழைப் பிடித்திருத்தலைக் கண்டிருப்பர். பஞ்சாபில் மணமகன் புறப்படுமுன் அண்ணி அவன் கண்ணுக்குச் சுர்மா இடுவாள். அதற்கு அவன் பரிசு தருதல் வேண்டும். காஜல் வேறு, சுர்மா வேறு. முன்னது புகை, பின்னது கல். சுர்மா பாரசீகச் சொல். அராபியர் அதனைக் குஹ்ல் என்பர். மிக நுண்ணிய பொடி என்னும் பொருளில் நின்ற அல்-குஹ்ல் என்னும் அச்சொல்லே, மேனாட்டார் நாவில் உருண்டு ஆல்கஹால் ஆயிற்று.

அஞ்சனக் கல் என்று சந்தையில் விற்பது பெரும்பாலும் காரீயக் கல்லே. 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இங்கிலாந்தில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகள் கண்ணுக்கு இட்ட சுர்மாவினால் காரீய நஞ்சு அடைதலை அது எடுத்துரைத்தது. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கின்றது. கண்ணீரும் மூக்கின் வழியாகத் தொண்டைக்கு இறங்குகின்றது. காரீயம் வளரும் மூளையைத் தாக்குவது. புலம்பெயர்ந்தோர் தம் ஊர்ப் பழக்கத்தைப் பேணுவதாக எண்ணி, சந்தைப் பொருளை வீட்டுப் பொருளாக மயங்கியதன் விளைவு அது. நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962-இல் திருத்தப்பெற்றபொழுது ஒப்பனைப் பொருள்களும் அதனுள் வந்தன. ஒப்பனைப் பொருளுக்கு நிறமூட்டக் காரீயம் சேர்த்தல் விதிகளால் விலக்கப்பட்டது. ஆயினும் திருவிழாக் கடைகளிலும் தலங்களின் வாயிலிலும் பெயரின்றி விற்கும் பொட்டலத்தைச் சட்டம் தேடிச் செல்வது எளிதன்று.

மேனாட்டு வரலாறு இதற்கு முற்றும் மாறானதன்று. 19-ஆம் நூற்றாண்டில் யூஜின் ரிம்மெல் என்பார் கரித்தூளைக் களிம்பிற் குழைத்து இமைமயிருக்கு விற்றார். இத்தாலியர் இன்றும் இமைமையை ரிம்மெல் என்கின்றனர். அமெரிக்காவில் மேபெல் என்னும் பெண் வாசலினோடு கரி கலந்து இமைக்குப் பூசுவதைக் கண்ட அவள் உடன்பிறந்தான் டாம் லைல் வில்லியம்ஸ் 1915-இல் தொடங்கிய தொழிலே மேபெல்லின் நிறுவனம். அவன் முதலில் விற்ற லாஷ்-பிரோ-ஐன் என்னும் களிம்பு, இமைமயிரை வளர்க்கும் என்று விளம்பரப்படுத்தப் பெற்றது. அங்கும் அடுக்களைக் கலவையே கடைச்சரக்காயிற்று. அதன்பின் வந்தது கொடுமை. 1933-இல் லாஷ் லூர் என்னும் இமைச்சாயம் பரவிற்று. அதிலிருந்த நிலக்கரிச் சாயத்தால் ஒரு பெண்மணி பார்வை இழந்தார்; மற்றொருவர் உயிர் துறந்தார். அன்றைய 1906-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஒப்பனைப் பொருள்மேல் அதிகாரம் இல்லை. அக்கண்களின் படங்கள் மக்கள்முன் வைக்கப்பெற்றன. 1938-இல் புதுச்சட்டம் பிறந்தது.

இமைமயிரை உண்மையிலேயே நீட்டும் பொருள் பின்னர்த்தான் கிடைத்தது. அதுவும் தேடாமலே கிடைத்தது. கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்தோர்க்கு இடும் பைமாட்டோப்ரோஸ்ட் என்னும் சொட்டுமருந்து, நோயாளிகளின் இமைமயிரை நீளவும் கறுக்கவும் செய்தது. 2008-இல் அமெரிக்க மருந்துத் துறை அதனை இமைமயிர்க்கென்றே ஏற்றது. இமைத்தோல் கறுத்தலும், விழியின் நிறம் நிலையாக மாறுதலும் அதனால் நேரலாம். நிறுத்தினால் மயிரும் பழைய அளவிற்கே திரும்பிவிடும். அது மருத்துவர் கையில் இருக்கவேண்டிய பொருள். அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் ஒப்பனைச் சீரங்களிலும் நுழைந்துள்ளன. வாங்குவோர் உட்பொருட் பட்டியலைப் படித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் விளக்கெண்ணெய் மயிரை வளர்க்குமா? ஆமணக்கு வித்தை எண்ணெயோடு சேர்த்துத் தலையில் தேய்த்தால் பெண்டிர் கூந்தல் வளரும் என்று கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பெற்ற எபர்ஸ் என்னும் எகிப்திய ஏடு கூறுகின்றது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு நம்பிக்கை! ஆயினும் நலமுற்ற இமையில் அது புதுமயிரை முளைப்பிக்கும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்களவு ரிசினோலியிக் அமிலம். அதனாலேயே அது பிசுபிசுத்து, மயிரை உறையாகப் பற்றி, ஈரம் போகாமலும் ஒடியாமலும் காக்கின்றது. ஒடியாத மயிர் தன் முழு நீளத்திற்கு வளர்கின்றது. அதையே நாம் வளர்ந்ததாகக் காண்கின்றோம். 2021-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து அறிஞர்கள் இமை அழற்சியுடைய 26 பேரிடம் நான்கு வாரம் ஒரு கண்ணின் இமையில் மட்டும் இவ்வெண்ணெயைத் தடவிப் பார்த்தனர். தடவிய இமையில் தடிப்பும் மயிரடியில் படியும் பொருக்கும் குறைந்தன. நோயுற்ற இமைக்கு இது துணைசெய்யும் என்பதற்கு அது சிறு சான்று, அவ்வளவே.

வித்தின் நஞ்சாகிய ரிசின் எண்ணெயில் இறங்குவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆனால் வித்தை வீட்டில் அரைத்துக் கண்ணருகே கொண்டுசெல்லல் ஆகாது. புகைமையைக் கைக்குழந்தையின் கண்ணுக்குள் இடுவதையும் மருத்துவர் விலக்குகின்றனர். கன்னத்தில் திருட்டிப்பொட்டோடு நிறுத்துதல் நன்று. வளர்ந்தோர் செய்துகொள்ள விரும்பினால் கலவையே வேண்டா. கற்றாழைச் சாறு சேர்ந்தால் நீர் சேர்ந்ததாகும். நீர் சேர்ந்தது சில நாளில் கெடும். மருந்துக் கடையில் முத்திரையிட்டுக் கிடைக்கும் தூய விளக்கெண்ணெயில் சிறிது, கொதிநீரிற் கழுவி உலர்த்திய சிறு குப்பியில் எடுத்துக்கொள்க. முன்கையில் ஒரு துளி தடவி ஒருநாள் பொறுத்து, தடிப்பு இல்லையேல் இரவில் முகங்கழுவியபின் தூய தூரிகையால் மேலிமை மயிரில் மட்டும் தொட்டும் தொடாமலும் தடவுக. கண்ணுக்குள் இறங்கினால் பார்வை சிறிது மங்கும். வெதுவெதுப்பான நீரால் கழுவிவிடலாம். ஒருவர் தூரிகையை மற்றவர் தொடலாகாது. இமை சிவந்தாலோ, மயிர் ஓரிடத்தில் திட்டாக உதிர்ந்தாலோ எண்ணெயை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரைக் காண்க. தைராய்டு முதலிய வேறு நோய்களும் முதலில் இமையிலே தோன்றுவதுண்டு.