டெட்ரிஸ்: ஒரு வார்த்தையில் கைமாறிய ஆட்டம்

நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் எந்த விளையாட்டுக் கருவி இருந்தாலும் சரி, அதற்குள் எங்கேயாவது ஒரு டெட்ரிஸ் ஒளிந்திருக்கும். 1989ல் கேம் பாய். 2006ல் நிண்டெண்டோ டிஎஸ். அதில் ஒரே கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த பத்து பேர் ஆடலாம். 2019ல் ஸ்விட்ச்சில் டெட்ரிஸ் 99 வந்தது; உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்து 99 பேர் ஒரே ஆட்டத்தில் மோதுவார்கள். மேலே இருந்து கட்டை விழும், வரிசை நிறைந்தால் மறையும். அவ்வளவுதான் ஆட்டம். நாற்பது வருஷமாக அதே ஏழு வடிவங்கள்.

ஆட்டத்தை விடுங்கள், அதன் பின்னால் இருக்கும் ஒப்பந்தக் கதை இன்னும் சுவாரஸ்யம். பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் பத்திரங்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆட்டம் பிறந்த இடம். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையம். அங்கே வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், 1984ல் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் இதை எழுதினார். அந்தக் கணினிக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஐந்து சதுரங்கள் சேர்ந்த பென்டோமினோ புதிரைத்தான் முதலில் மனதில் வைத்திருந்தார். அது சிக்கலாக இருந்ததால் நான்கு சதுரங்களாகக் குறைத்தார், ஏழு வடிவங்கள் கிடைத்தன. கிரேக்கத்தில் நான்கைக் குறிக்கும் டெட்ரா, அவருக்குப் பிடித்த டென்னிஸ், இரண்டும் சேர்ந்து டெட்ரிஸ். வாதிம் கெராசிமோவ் என்ற பள்ளி மாணவர் அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றிக் கொடுக்க, ஃப்ளாப்பியில் ஊர் ஊராகப் பரவியது.

சோவியத் நாட்டில் எழுதியவர் விற்க முடியாது. பஜித்னோவ் பத்து வருஷத்துக்கு உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். வெளிநாட்டு வியாபாரம் எலோர்க் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பு.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். லண்டனில் ஆண்ட்ரோமெடா என்ற நிறுவனம் நடத்திய ராபர்ட் ஸ்டைன், ஹங்கேரியில் இந்த ஆட்டத்தைப் பார்த்தார். மாஸ்கோவுக்கு டெலெக்ஸ் அடித்தார். சாதகமாகப் பதில் வந்தது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, முறையான ஒப்பந்தம் கையில் வரும் முன்பே இங்கிலாந்தில் மிரர்சாஃப்டுக்கும் அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்டுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார். மிரர்சாஃப்ட் அடாரி கேம்ஸுக்குக் கொடுத்தது. பட்டா இல்லாத நிலத்தை நாலு பேர் மாற்றி மாற்றிக் கிரயம் செய்த கதைதான் :-)

1989 பிப்ரவரியில் மூன்று பேர் ஒரே வாரத்தில் மாஸ்கோவில் வந்து இறங்கினார்கள். ஸ்டைன், மிரர்சாஃப்ட் முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன் கெவின் மேக்ஸ்வெல், ஜப்பானில் தொழில் செய்த ஹென்க் ரோஜர்ஸ். ரோஜர்ஸ் வந்தது சுற்றுலா விசாவில்! தான் ஜப்பானில் விற்கும் டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜை எடுத்து மேஜையில் வைத்தார். எலோர்க்கின் நிகோலாய் பெலிகோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு டிவியில் ஆடும் கருவிக்கு நாங்கள் யாருக்கும் உரிமையே கொடுக்கவில்லையே என்றார். ரோஜர்ஸ் வாதாடவில்லை. விற்றதற்கான ராயல்டிக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு செயலில் நம்பிக்கை வந்துவிட்டது.

பெலிகோவ் அடுத்துச் செய்ததுதான் உச்சம். ஸ்டைனின் பழைய ஒப்பந்தத்தில் 'கணினி' என்ற வார்த்தை இருந்தது. ஒரு திருத்தப் பத்திரம் தயார் செய்தார். அதில் பணம் கட்டத் தாமதமானால் கடுமையான அபராதம் என்று ஒரு பகுதி. ஸ்டைனின் கவனம் முழுக்க அதிலேயே போனது. இன்னொரு வரியில் கணினி என்றால் திரை, வட்டு இயக்கி, விசைப்பலகை, இயங்குதளம் எல்லாம் உள்ள கருவி என்று விளக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டார். கையடக்கக் கருவியும் டிவி கருவியும் அந்த ஒரு வரியில் அவர் கையை விட்டுப் போயின.

கையடக்க உரிமை ரோஜர்ஸுக்கு வந்தது, அவர் வழியாக நிண்டெண்டோவுக்கு. டிவி கருவி உரிமையையும் அடுத்த மாதமே நிண்டெண்டோ வாங்கியது. அடாரி கேம்ஸ் தன் டெங்கன் பெயரில் வெளியிட்ட கார்ட்ரிட்ஜ்களுக்கு 1989 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டது. சரக்கு கிடங்கிலேயே முடங்கியது. ஜூலை கடைசியில் அமெரிக்காவில் கேம் பாய் விற்பனைக்கு வந்தபோது பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் இருந்தது. அந்தப் பதிப்பு மட்டும் மூன்றரைக் கோடிக்கு மேல் விற்றது.

எழுதியவருக்கு? ராயல்டி என்று ஒரு ரூபிள் இல்லை. 1991ல் அமெரிக்கா போனார். 1996ல் உரிமை அவரிடம் திரும்பிய பிறகு, ரோஜர்ஸோடு சேர்ந்து டெட்ரிஸ் கம்பெனி தொடங்கிய பிறகுதான் காசு பார்த்தார். பன்னிரண்டு வருஷம்!

சரி, சத்தியவேட்டுக்கு வருவோம். எங்கள் ஊருக்கு கேம் பாய் வரவில்லை. தொண்ணூறுகளில் வந்தது பிரிக் கேம். சாம்பல் நிறத் திரை, அகலத்தில் பத்து கட்டம், உயரத்தில் இருபது. மேலே '9999 இன் 1' என்று கொட்டை எழுத்து. எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் தேறும். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து மெட்ராஸ் போன மாமா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்தார். பென்சில் பேட்டரி தீர்ந்ததும் மாமா பையன் சுவர்க் கடிகாரத்தில் இருந்து கழற்றிப் போட்டுக்கொள்வான். அத்தை, "ஏன்டா, இந்த வீட்டில் மணி எப்பவும் நாலரைதானா?" என்பார்கள்.

ஏன் பர்மா பஜார்? நுகர்பொருள் இறக்குமதிக்கு அப்போது நம் நாட்டில் அளவுக் கட்டுப்பாடு. மிச்சமிருந்தவையும் நீங்கியது 2001 ஏப்ரல் 1ல்தான். அதுவரை வெளிநாட்டுச் சாமான் என்றால் கடற்கரை ரயில் நிலையம் எதிரே இருந்த அந்தக் கடைகள்தான். 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் 1969ல் தொடங்கிய சந்தை அது. நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள், நம்மைப் போல இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

அந்தப் பிரிக் கேமுக்கு எந்த உரிமமும் கிடையாது. மாஸ்கோவில் அத்தனை சண்டை போட்டுப் பிரித்துக்கொண்ட உரிமைகளில் ஒன்றுகூட எங்கள் ஊர்க் கையில் இருந்த பெட்டியைத் தொடவில்லை. ஆட்டம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு வரியில் எல்லாம் மாறும் என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, படாஸ்கர் பரிந்துரைப்படி வந்த 1959ஆம் வருஷச் சட்டத்தால் 1960 ஏப்ரல் 1ல் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. திருத்தணி இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். பெரியவர்கள் முந்தின ராத்திரி தூங்கிய அதே வீட்டில்தான் கண் விழித்தார்கள், மாநிலம் வேறு. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் தெலுங்கு. 2022ல் மறுபடி ஒரு அரசாணை, இப்போது திருப்பதி மாவட்டம்.

பக்கத்தில் ஸ்ரீசிட்டி வந்திருக்கிறது. 2015ல் ஃபாக்ஸ்கான் அங்கே செல்போன் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரு காலத்தில் பஜாரில் ஒளித்து விற்ற சாமானைவிடப் பெரிய சாமான் இன்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் தயாராகிறது. அந்த போனிலும் யாராவது டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் இருக்கும் வீட்டுக்குப் பவர் பத்திரம், வேலை ஒப்பந்தம், கடன் ஜாமீன் என்று வெளிநாட்டில் இருக்கும் நாம் வருஷத்துக்கு நாலு கையெழுத்தாவது போடுகிறோம். அபராதம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எண்ணை மட்டும் தேடுகிறது கண். ஸ்டைன் பார்த்ததும் அதைத்தான். அடுத்த பத்திரம் வரும்போது, 'இதில் வரும் சொற்களின் பொருள்' என்று ஆரம்பிக்கும் அந்தப் போரடிக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.