பெட்ரோலா, டீசலா, கேஸா? – எண்ணூர் ஆஸ்டின் முதல் காசிமேடு ஜீப் வரை

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "என்ன மைலேஜ் குடுக்கும்?". ரெண்டாவது கேள்வி, "டீசலா பெட்ரோலா, இல்ல கேஸ் போட்டுக்கலாமா?". இதுக்கான பதில் கால்குலேட்டர்ல மட்டும் இல்ல மக்களே, வட சென்னை வரலாற்றுலயும் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க :-)

காசிமேட்டுல எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன். ஃபைபர் போட் வெச்சிருக்க குடும்பம். வலையையும் அவுட்போர்டு மோட்டாரையும் ஐஸ் பெட்டியையும் மணல்ல இழுத்துட்டுப் போக பழைய ஜீப் ஒண்ணு பாத்துட்டிருந்தான். கையில இருந்தது ரெண்டு வருஷச் சேமிப்பு. தப்பான வண்டி மாட்டினா அடுத்த சீசன் வலை வாங்கக் காசு இருக்காது. "அண்ணே, நீங்க இன்ஜினியரிங் படிச்சவரு, சொல்லுங்க"ன்னான். படிச்சது இன்ஜினியரிங், செய்யறது பொட்டி தட்டுற வேலைன்னு அவனுக்கு எப்படிப் புரிய வைக்க? சரின்னு உக்காந்து தோண்ட ஆரம்பிச்சேன்.

எண்ணெய் வந்த கதை

நம்ம ஊர்ல எண்ணெய்ன்னாலே அது வடக்குப் பக்கம்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் மேல குண்டு போட்டப்ப, பத்தி எரிஞ்சது துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள். அப்ப ஊருக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் விளக்குக்கான மண்ணெண்ணெய். மோட்டார் வண்டி வெச்சிருந்தவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய பெரிய மனுஷங்க.

அடுத்த உலகப் போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. பஸ்ஸுக்குப் பின்னாடி அடுப்பு மாதிரி ஒரு டிரம்மைக் கட்டி, கரியை எரிச்சு, அதுல வர்ற வாயுவுல வண்டி ஓட்டினாங்க. டிவிஎஸ் நிறுவனமே அந்தக் கரி கேஸ் கருவியைத் தயாரிச்சுது. ஆக, கேஸ்ல வண்டி ஓட்டுறது நமக்கு நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. எது கிடைக்குதோ, எது கட்டுப்படியாகுதோ அதுல ஓட்டுறதுதான் நம்ம வழக்கம்.

எண்ணூர்ல நடந்த மாற்றம்

1948-ல ரகுநந்தன் சரண் 'அசோக் மோட்டார்ஸ்' ஆரம்பிச்சார். அசோக்ங்கறது அவர் மகன் பேர். எண்ணூர்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆஸ்டின் ஏ40 கார். சின்ன பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்துல இருந்து பாகமா வரும், இங்க பூட்டுவாங்க. ஆனா நாட்டுக்கு அப்ப அவசரமா வேண்டியது காரா, லாரியும் பஸ்ஸுமா? 1950-ல லேலண்டோட ஒப்பந்தம். சீக்கிரமே காமெட் டீசல் லாரிகள் எண்ணூர்ல பூட்டப்பட்டுச்சு. 1955-ல கம்பெனி பேரே அசோக் லேலண்ட் ஆயிடுச்சு. கார் போச்சு, டீசல் நின்னுச்சு. அதே 50களில் செம்பியத்துல சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் தயாரிக்க ஆரம்பிச்சுது.

1969-ல மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சுது. அன்னைக்கு மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்னைக்கு சிபிசிஎல். எஞ்சின் எண்ணூர்ல, எண்ணெய் மணலியில. பக்கத்துல இருக்குற காசிமேடு என்ன செய்யும்? விசைப்படகுல லாரி எஞ்சின் வம்சத்து டீசல் எஞ்சின் ஏறுச்சு. இன்னைக்கும் துறைமுகத்துல போய்ப் பாருங்க, லேலண்ட் எஞ்சின் ஓடுற போட்டுங்க எத்தனைன்னு. அதைச் சுத்தி பம்ப், நாசில் சர்வீஸ் பண்ற கடைங்க, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்ற மெக்கானிக்குங்க. ஒரு ஊரே டீசல் படிச்சு வளர்ந்துச்சு.

ஜீப் மட்டும் ஏன் பெட்ரோல்ல ஆரம்பிச்சுது?

வில்லீஸ் ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கம்ப்ரஷன் ரேஷியோ 7-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதனால மட்டமான பெட்ரோலைக் கூட முகம் சுளிக்காமக் குடிக்கும். சுதந்திரத்தை ஒட்டி மஹிந்திரா இங்க அதைப் பூட்ட ஆரம்பிச்சப்பவும் பெட்ரோல்தான். ஓட்டினது பெரும்பாலும் பட்டாளமும் சர்க்காரும், மைலேஜ் யாருக்கு வேணும்?

1973-ல வளைகுடா நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடிச்சப்ப எல்லாம் மாறுச்சு. இங்க பெட்ரோல் 'பணக்காரன் எரிபொருள்', டீசல் 'லாரி, பஸ், பம்ப்செட், படகு எரிபொருள்'. பெட்ரோல் மேல வரியைப் போட்டு டீசலை அடக்கி வெச்சாங்க. அந்தச் சலுகை நிழல்ல ஜீப்பும் ஒதுங்கிடுச்சு. 80களில் மஹிந்திரா, பெஜோ வடிவமைப்புல 2.1 லிட்டர் டீசல் எஞ்சினைப் போட்டுது. பழைய பெட்ரோல் ஜீப் வெச்சிருந்தவங்க புதுப்பேட்டைக்குப் போய் மெட்டடார் டீசல் எஞ்சினைத் தூக்கி மாட்டினாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

பழைய பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 7, டீசல் 11 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம் (ஓட்டுறவங்க சொல்ற கணக்கு, வண்டிக்கு வண்டி மாறும்).

2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41. அப்படின்னா கிலோமீட்டருக்கு பெட்ரோல் 10.40, டீசல் 3.70. கிட்டத்தட்ட மூணு மடங்கு! அந்தக் காலத்துல டீசல் வாங்காதவன் ஏமாளி.

2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாடு போச்சு. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில பெட்ரோல் 100.75, டீசல் 92.34. அந்த விலையில கிலோமீட்டருக்கு பெட்ரோல் 14.40, டீசல் 8.40. மூணு மடங்கு இருந்தது ஒண்ணே முக்கால் மடங்குக்குள்ள வந்துடுச்சு. ஆனா வித்தியாசம் அப்பவும் 6 ரூபாய்! விலைச் சலுகையில வந்த லாபம் கரைஞ்சு போச்சு, டீசல் எஞ்சினோட குணத்துல வர்ற லாபம் நிக்குது. மாசம் 500 கிலோமீட்டர் ஓடினா 3,000 ரூபாய். வெறும் 150 ஓடினா 900 ரூபாய்தான். அதுக்காக டீசல் வண்டிக்கு ஐம்பதாயிரம் அதிகம் குடுத்தா, அந்தக் காசு திரும்ப நாலரை வருஷத்துக்கு மேல ஆகும். ஜீப்பை ஞாயித்துக்கிழமை மட்டும் தொடைச்சு வெச்சு ரசிக்கிறவங்களுக்கு நல்ல பெட்ரோல் எஞ்சினே போதும். ஒரு விஷயம்: இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் வண்டின்னா ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் மாத்திடுங்க.

கேஸ்? முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, சும்மா கிட்டை மாட்டி கேஸ்ல ஓட்ட முடியாது. ஆக எல்பிஜிங்கறது பெட்ரோல் ஜீப்புக்கு மட்டும். 2000-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தின பிறகுதான் முறைப்படி அனுமதி வந்துச்சு. அதுக்கு முன்னாடி சமையல் சிலிண்டரை டிக்கியில ஒளிச்சு வெச்சு ஓட்டின மகானுபாவர்களை நீங்களும் பாத்திருப்பீங்க. அது அன்னைக்கும் குத்தம், இன்னைக்கும் குத்தம். ஆர்சி புக்ல எரிபொருள் மாத்தினதைப் பதியலைன்னா விபத்து நேரத்துல இன்ஷூரன்ஸ் கையை விரிச்சிடும்.

ஒரு லிட்டர் எல்பிஜியில இருக்குற சக்தி பெட்ரோல்ல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. அதனால கேஸ் விலையை 1.3-ஆல பெருக்கி பெட்ரோலோட ஒப்பிடுங்க. எல்பிஜிக்கு ஆக்டேன் அதிகம்தான், ஆனா அந்த லாபத்தைப் பிடிக்க உயர்ந்த கம்ப்ரஷன் வேணும். 7-ல ஓடுற ஜீப்புக்கு அது வீண். அதோட இந்த வாயு காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையிலயே தேங்கும். குட்டி ஜீப்ல டாங்க் வைக்க இடமும் இல்ல.

தம்பிக்கு நான் சொன்னது

உன் வேலைக்கு டீசல். காரணம் மைலேஜ் மட்டும் இல்ல. அலைத் தண்ணி தெறிக்கிற இடத்துல பெட்ரோல் வண்டியோட டிஸ்ட்ரிபியூட்டர் நனைஞ்சா நின்னுடும். பழைய டீசல்ல அந்தத் தொல்லையே இல்ல. மணல்ல மெதுவா இழுக்க ஆரம்பத்துலயே டார்க் கிடைக்கும். எல்லாத்துக்கும் மேல, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி மக்கர் பண்ணினாலும் போட்டு எஞ்சின் பாக்குற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் கையில ஸ்பானரோட அங்கயே இருப்பார். எந்த எரிபொருள்ங்கறத பாதி நாம தேர்ந்தெடுக்கிறோம், மீதியை நம்ம தெரு 50 வருஷம் முன்னாடியே தேர்ந்தெடுத்து வெச்சிருக்கு. எஞ்சினை விட முக்கியமா அடியில படுத்து சேஸிஸ் பாரு, உப்புக் காத்து எதையும் விட்டு வைக்காதுன்னும் சொன்னேன்.

அதுக்கு அவன் ஒண்ணு சொன்னான். "எல்லா எண்ணெயும் எங்க பக்கம்தான் வந்து எறங்குது. ஊத்துனாலும் எங்க பக்கம்தான் ஊத்துது அண்ணே."

உண்மைதான். 2013-ல தண்டையார்பேட்டையில குழாய்க் கசிவால நிலத்தடி நீர்ல டீசல். 2017 ஜனவரி 28 எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதுச்சு. ஒண்ணு எல்பிஜி இறக்கிட்டுக் கிளம்பின கப்பல், இன்னொண்ணு பெட்ரோலியப் பொருள் ஏத்திட்டு வந்த கப்பல். கரையெல்லாம் கறுப்பு, ஜனங்க வாளியில மொண்டு எடுத்தாங்க, காசிமேட்டுல மீன் வாங்க ஆள் இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மறுபடி எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய். கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் நாப்பது காசுன்னு நான் போட்ட கணக்குல இந்தச் செலவு எங்கயும் வரல. அதைக் கட்டுறது ஆத்துல வலை வீசுறவன்.

தம்பி டீசல் ஜீப்தான் எடுத்தான், சேஸிஸ் சுத்தம். உங்ககிட்ட பழைய ஜீப் இருந்தா எதுல ஓட்டுறீங்க, நிஜமா என்ன மைலேஜ் வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அப்புறம் அடிக்கலாம் :-)