நற்பெயரும் நாணயமும்

"நாணயம்" என்னும் சொல்லுக்கு நமது பாஷையில் இரண்டு பொருள்கள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயமே. ஒருவர் நாணயஸ்தர் என்று ஊரார் கூறிவிடுவராயின், பத்திரமும் சாட்சியுமின்றியே அவரிடம் பணத்தை ஒப்புவிப்போர் பலர். காசைத் தட்டிப் பார்த்து வாங்குகின்ற நாம், மனிதருடைய நாணயத்தை மாத்திரம் தட்டிப் பார்ப்பதில்லை. அதனால் விளைந்த பெருங்கேடொன்றை நமது நகரத்தின் சரித்திரத்தினின்றும் எடுத்து, அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தினரும் அறியுமாறு ஈண்டு வரைகின்றோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் மூன்று ஆங்கில வியாபார ஸ்தாபனங்கள் முதன்மை பெற்று விளங்கின. அவை பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்பனவாம். இவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி வியாபாரத்தோடு பாங்கித் தொழிலையும் நடத்தி வந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பழமை அதற்கு இருந்தது. அதன் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வர்த்தகர் சபையிலும் அரசாங்கத்தார் இடத்திலும் மிக்க செல்வாக்குடையவர். ஆகவே ஜமீன்தார், வக்கீல், உத்தியோகஸ்தர், பென்ஷன்காரர், விதவைகள் எனப் பல திறத்தாரும் தத்தம் சேமிப்பை அங்கே வைத்தனர். கிடைத்த வட்டியும் அவர்களுக்குத் திருப்தியளிப்பதாகவே இருந்தது. "ஆர்பத்நாட்டில் போட்டிருக்கிறது" என்றால் அதற்குமேல் கேள்வி கேட்பாரில்லை.

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் தேதி திங்கட்கிழமை அந்த ஸ்தாபனம் கதவடைத்தது. அதற்குச் சற்று முன்னர், லண்டனிலிருந்த அதன் பங்காளியாகிய மக்ஃபேடியன் என்பவர், கடல் கடந்த முயற்சிகளிற் பெரும்பணத்தை இறக்கி இழந்தபின், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே சென்னையில் உண்மை வெளிப்பட்டது. கடன் கொடுத்தோர் பல்லாயிரவர். ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் இழந்து தவித்த குடும்பங்கள் எத்தனையோ! அந்த ஸ்தாபனம் அன்றுதான் நொடித்ததன்று. உள்ளே பல ஆண்டுகளாகவே நொடித்துப்போய், வெளியே பெயரின் பலத்தால் மாத்திரம் நின்றிருந்தது.

இத்தனை காலம் ஒருவரும் ஐயுறாதது எங்ஙனம்? இதனை நாம் ஆராய்தல் வேண்டும். முதலாவது, ஸ்தாபனத்தின் வயது. நூறாண்டு நின்ற மரம் இன்றும் நிற்குமென்று எண்ணினரேயன்றி, வேரில் கரையான் பற்றியதோ என்று மண்ணைக் கிளறிப் பார்த்தாரில்லை. இரண்டாவது, தலைவரின் அந்தஸ்து. கவர்னரோடு சரியாசனத்தில் அமர்பவரிடம் "கணக்கைக் காட்டும்" என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. மூன்றாவது, ஒருவரை நோக்கி ஒருவர் நம்பியது. வக்கீல் போட்டிருக்கிறாரே என்று உத்தியோகஸ்தர் போட்டார். உத்தியோகஸ்தர் போட்டிருக்கிறாரே என்று விதவை போட்டாள். ஒவ்வொருவரும் மற்றவர் விசாரித்திருப்பார் என நினைத்தனர், விசாரித்தவர் எவருமில்லை. கூட்டாளிகள் மாத்திரமே சேர்ந்து நடத்திய ஸ்தாபனமாதலால், கணக்கும் அவர்கள் கண்ணுக்கே உரியதாயிருந்தது.

நீதிமன்றம் பெயரை நோக்கவில்லை. ஸர் ஜார்ஜ் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். கடன் கொடுத்தோர் பக்கம் நின்று வாதாடியவர்களுள் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதன்மையானவர். அவர் வாதத்தோடு நின்றாரில்லை. நாட்டாரே நடத்தும் பாங்கி ஒன்று வேண்டுமென்று முயன்று, நகரத்தார் முதலியோரின் துணையையும் பெற்றார். இந்தியன் பாங்கு 1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் தேதி பதிவு செய்யப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் தேதி வேலை தொடங்கியது. ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஐயரவர்களின் நற்பெயர் பெரிதேயாயினும், புதிய பாங்கி அப்பெயரை மாத்திரம் அஸ்திவாரமாகக் கொள்ளவில்லை. பங்குதாரர், டைரக்டர்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு என்னும் ஏற்பாடுகளோடு கூடிய கம்பெனியாக அது அமைந்தது. 1969ஆம் ஆண்டில் தேசீய உடைமையாக்கப்பட்ட அப்பாங்கி இன்றும் நிலவுகின்றது.

இது பழங்கதையென்று எவரும் ஒதுக்கற்க. அமெரிக்க தேசத்தில் பெர்னார்டு மேடாஃப் என்பார் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராயிருந்து புகழ்பெற்றவர். கணக்கு வல்லுநர் ஒருவர் 2000ஆம் ஆண்டு முதலே அவர்மீது அதிகாரிகளுக்கு எச்சரிக்கை எழுதியும் பயன் விளையவில்லை. 2008ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் மோசடி வெளியாயிற்று. மறு ஆண்டு அவருக்கு 150 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நமது மயிலையிலேயே, 1872ஆம் ஆண்டில் தோன்றி மாட வீதியில் நடந்துவந்த ஹிந்து பர்மனெண்டு பண்டில் போட்ட பணம் திரும்பவில்லையென்று 2024ஆம் ஆண்டில் பலர் முறையிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டோ இல்லையோ என்பதை நீதிமன்றமே கூறல் வேண்டும், நாம் கூறுவதற்கில்லை. ஆயினும் மூன்று தலைமுறையாக அங்கே பணம் போட்டுவந்த குடும்பத்தார் வரிசையில் நின்று கலங்கியதை இந்நகரம் கண்டது. "எங்கள் தாத்தா காலத்து பண்டு" என்பதே அவர்களுள் பலருக்குப் போதிய ஜாமீனாயிருந்தது.

சிலப்பதிகாரத்தை நினைவு கூர்வோம். அரசியின் சிலம்பைக் களவாடியவன் அரண்மனையிற் பழகிய பொற்கொல்லன். அரசவையில் அவனுக்கிருந்த மதிப்பே அவன் களவுக்குத் திரையாயிற்று. ஊருக்குப் புதியவனாகிய கோவலனுக்கோ பேசுவாரில்லை. ஆராயாது நம்பிய பாண்டியன் தன் உயிரையும் இழந்தான். பெயர் ஒருவனைக் காப்பதோடு நில்லாது, பெயரில்லாத மற்றொருவன்மேற் பழியையும் ஏற்றிவிடுமென்பது இதனாற் புலனாம்.

அங்ஙனமாயின் பெரியோர் எல்லோரையும் ஐயுற வேண்டுமோ எனின், அன்று. வள்ளுவனார் "தெரிந்து தெளிதல்" என ஓர் அதிகாரமே வகுத்தார். தெரிதல் முன்னும், தெளிதல் பின்னுமாக நிற்கும் அம்முறையே நமக்கு வழி. கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. நாணயமுடையவர் கேட்குமுன்னரே ஏட்டைத் திறந்து வைப்பர். கேட்டபோது கோபிப்பவரிடத்திலேதான் நாம் தயங்கி நிற்றல் வேண்டும்.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள் கூறி முடிப்போம். பணம் வைக்குமுன் தணிக்கைக் கணக்கைப் படியுங்கள். பிற இடங்களைவிட வட்டி மிகுதியாயின் காரணம் கேளுங்கள். பாங்கி டிபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை 2020ஆம் ஆண்டு முதல் இன்ஷூரன்ஸ் உண்டு. நிதிகளில் வைக்கும் பணத்திற்கு அக்காப்பு இல்லை. சேமிப்பு முழுவதையும் ஒரே பெட்டியில் வையாதீர்கள். கலியாணத்திற்கென்றும் படிப்பிற்கென்றும் சேர்த்த பணம், ஒரு பெரிய மனிதரின் முகத்துக்காகப் பணயமாதல் கூடாது.

இவ்விதி நமது சங்கத்திற்கும் உரியதே. நம்மவர் என்னும் பாசம் கணக்கிற்கு ஈடாகாது. சங்கத்தின் பணத்தை நிர்வகிப்போர் எத்துணை நல்லோராயினும், ஆண்டுதோறும் மகாசபையில் கணக்கை வாசிக்கக் கேட்டு, ஐயமுள்ள இடத்தில் எழுந்து வினவுதல் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும். அவ்வினா நல்லோரின் பெயரைக் குறைப்பதன்று, அதனைக் காப்பதேயாம்.